மடுவத்துக்கு ஒரு பேச்சு, ஒபீசுக்கு ஒரு பேச்சு

தமிழ்மொழித் தினப் போட்டிக் காலம் வந்துவிட்டால் மாத்தளைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் இடைவேளைக்குப் பிறகு பாடம் உருப்படியாக நடக்காது. வகுப்பறைக்கு ஒரு பிள்ளை கையை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க, “நடுநிலை தவறாத நடுவர் அவர்களே” என்று தொடங்கிக்கொண்டிருக்கும். கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம், தேசியமட்டம் என்று படியேறிப் போகிற அந்தப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைப் பழக்குவதிலேயே என் ஆசிரியத் தொழிலின் பெரும்பகுதி போனது. ஓய்வு பெற்ற பிறகு நடுவராகக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். தேத்தண்ணியும் ரோல்சும் தருவார்கள், பழைய முகங்களைப் பார்க்கலாம், ஒரு பகல் கழியும்.

நடுவர் கதிரையில் உட்கார்ந்து கேட்கும்போது எனக்குள் ஒரே கேள்விதான் வரும்: இந்தப் பிள்ளை யாரிடம் பேசுகிறது? “நீர்வளம் காப்போம்” என்பது ஒருமுறை வந்த தலைப்பு. பேசிய பிள்ளைகளின் பேச்சில் கங்கை ஓடியது, காவிரி ஓடியது, நைல்கூட ஓடியது. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தால் வந்து, உக்குவளை மின்நிலையத்தைச் சுற்றவைத்து, சுதுகங்கையில் கலக்கிறது. 1976இலிருந்து அப்படி. அந்தச் சுதுகங்கைப் பாலத்தைக் கடந்துதான் அன்று பாதிப் பிள்ளைகள் மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். ஒரு பேச்சிலும் அது வரவில்லை. யார் தண்ணீரைக் கெடுக்கிறார்கள், யார் காக்க வேண்டும், யாரிடம் போய் எதைக் கேட்பது என்பதும் வரவில்லை. முதல் பரிசு வாங்கிய பிள்ளைக்கு நல்ல குரல்.

வள்ளுவர் பேச்சுக்கென்று சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்கள் வைத்திருக்கிறார். அவையறிதல் எழுபத்திரண்டாவது, அவையஞ்சாமை எழுபத்துமூன்றாவது. யாருக்கு முன்னால் நிற்கிறாய் என்று தெரிந்துகொள்வதை முதலிலும், பயப்படாமல் நிற்பதை அடுத்தும் வைத்தார் அந்த மனிதர். நாங்கள் நடுவிலுள்ளதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். அதன் விளைவு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டால் பரவாயில்லை. தொழிற்சங்க மேடை, கோயில் பரிபாலன சபைக் கூட்டம், மாவட்டச் செயலகத்துக் கலந்துரையாடல் என்று எங்கே போனாலும் எங்கள் ஆட்கள் அதே போட்டிப் பேச்சைத்தான் பேசுகிறார்கள். கைதட்டு விழுகிறது. காரியம் நடப்பதில்லை.

வேறு மாதிரியும் பேசலாம் என்பதற்கு என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ரத்தோட்டைக்கு மேலே ஏறிப்போனால் வரும் தோட்டம் ஒன்றில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொள்கிறவள் என் பழைய மாணவி. படிக்கிற காலத்தில் மாகாணமட்டம் வரை போன பேச்சுக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை புல்ஸ்கேப் தாள்களோடு வீட்டுக்கு வந்தாள். “நம்ம பொம்பளைங்களுக்கு ரத்தம் இல்லாததைப் பத்திப் பேசணும் டீச்சர். ஒருக்கா பார்த்துத் தாங்க” என்றாள். முதல் பக்கம் முழுக்க வணக்கம். தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே. பேசப்போகிற இடமோ கொழுந்து நிறுக்கிற மடுவம். அங்கே தலைவரும் இல்லை, கதிரையும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் தாய்மையின் பெருமை. மூன்றாம் பக்கத்தில்தான் விசயம் வந்தது: 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம்.

எண் சரியான எண்தான். அரசாங்கமே வெளியிட்ட எண். ஆனால் அது பிள்ளைகளின் உயரத்தைப் பற்றியது, பெண்களின் இரத்தத்தைப் பற்றியதல்ல. அடுத்தது, அது நாட்டின் தோட்டப்புறம் முழுவதுக்குமான எண். தோட்டச் சனம் அதிகம் இருப்பது நுவரெலியாவிலும் பதுளையிலும். மாத்தளையின் ஒரு தோட்டத்து லயத்தில் நின்று “உங்கள் பிள்ளைகளில் மூன்றில் ஒன்று” என்று சொல்ல அந்த எண் இடம் தராது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறவளிடம் போய் முப்பத்தொன்று தசம் ஏழு என்றால், அது யார் வீட்டுப் பிள்ளை? அவளுடையது இல்லை, பக்கத்துக் காம்பராவுடையதும் இல்லை. கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அந்த எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வேறோர் அறைக்கு எடுத்து வை என்றேன். அந்த அறையைப் பிறகு சொல்கிறேன்.

ஆராய்ச்சி என்றால் எங்கள் பிள்ளைகள் உடனே போனைத் தட்டுகிறார்கள். அவளும் அப்படித்தான் செய்திருந்தாள். அவளை வேறு வேலைக்கு அனுப்பினேன். குடும்பநல மாதுவோடு இருந்து, தன் மடுவத்துப் பிள்ளைகளின் வளர்ச்சி அட்டைகளில் எந்தக் கோடு பச்சைப் பட்டையை விட்டு எந்த மாதத்தில் இறங்குகிறது என்று பார்த்தாள். லயத்தில் வீடு வீடாகப் போய் மூன்றே கேள்வி கேட்டாள்: காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரை எங்கே? முதல் இரண்டுக்கும் அவளுக்கே பதில் தெரியும், அவளும் அந்த லயத்துப் பிள்ளைதானே. ரொட்டி, சம்பல், வெறுந்தேத்தண்ணி. மலைக்குப் போன பிறகு பத்து மணிக்கு மறுபடி ரொட்டி, மறுபடி தேத்தண்ணி. மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்தான் புதிது. மாத்திரை சாமிப்படத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தது. குடித்தவர்கள் தேத்தண்ணியோடு குடித்திருந்தார்கள். குமட்டுகிறது, தேத்தண்ணியோடு குடித்தால் தெரியாது என்றார்கள்.

இங்கேதான் விசயம் கனதியாகிறது. தேயிலையில் இருக்கிற பொலிபீனோல் என்ற பொருட்கள் தாவர உணவிலிருந்து வரும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. குடல் உறிஞ்சுவது வெகுவாகக் குறைந்துபோகிறது. மாத்திரைக்கும் அதே கதிதான். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலம் விட்டால் பாதிப்புக் குறையும். கூடவே தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ இருந்தால் உறிஞ்சுவது கூடும். கொஞ்சம் நெத்தலிக் கருவாடு சேர்ந்தால் இன்னும் நல்லது. இதில் புதுமை எதுவும் இல்லை. சத்துணவு படித்த எவருக்கும் தெரிந்தது, கிளினிக்கில் மாதுமார் சொல்வதும் இதுதான். ஆனால் யாரிடம் சொல்கிறோம்? இருநூறு வருடமாக நாட்டுக்குத் தேயிலையும் அதற்கு முன் கோப்பியும் பறித்துக்கொடுத்த சனத்திடம், விடியற்காலை மழையில் அட்டை ஏறுகிற மலைக்குப் போகுமுன் வயிற்றைச் சூடாக்க இருக்கிற ஒரே ஒரு பானத்தைக் குறைசொல்லப் போகிறோம்.

“தேத்தண்ணி குடிப்பதை நிறுத்துங்கள்” என்று அவள் எழுதியிருந்தாள். அந்த வரியை வெட்டினோம். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த நிமிடத்தில் மடுவத்தில் பாதிப்பேர் காதை மூடிக்கொள்வார்கள். பசியைத் தேத்தண்ணியால் மறைக்கிறவளுக்குத் தேத்தண்ணியைப் பற்றி உபதேசம் செய்ய யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஆகவே கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும் என்று தீர்மானித்தோம். மாத்திரையை இராத்திரிக்குத் தண்ணீரோடு குடி. தேத்தண்ணியை அதிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி வை. அவ்வளவுதான். சோறு, கீரை, கழிப்பறை, பூச்சி மாத்திரை, ஆண்களின் சாராயம் எல்லாம் அவளுடைய தாள்களில் இருந்தன. எல்லாமே உண்மை, எல்லாமே அவசியம். ஒரே பேச்சில் எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

நேரம் அடுத்த பிரச்சினை. கொழுந்து நிறுக்கும்போது பேசலாம் என்று நினைத்திருந்தாள். நிறுக்கும்போது அவர்களின் கண் தராசிலேயே இருக்கும். தண்ணிக்கு எத்தனை கிலோ கழித்தான், கூடைக்கு எத்தனை கழித்தான் என்பதுதான் அங்கே பேச்சு. அதற்கு முன்னால், கணக்கப்பிள்ளை வந்து சேரும்வரை, வரிசையில் காத்துநிற்கிற சில நிமிடம் உண்டு. அதை எடுத்துக்கொண்டாள். பிறகு, யார் பேசுவது? கல்யாணமாகாத பெண் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் புத்தி சொன்னால், “நீ எத்தனை பெத்த?” என்று கேட்டுவிடுவார்கள். கேட்டால் நியாயம்தான். லயத்தில் சமையலும் மருந்தும் மாமியார்களின் ஆட்சி. அதனால் மாத்திரையை ஒழுங்காகக் குடித்துப் பிள்ளை பெற்ற ஒரு மூத்த கொழுந்துக்காரியை முதலில் பேசவைத்தாள். அவருக்குப் பிறகுதான் இவள்.

நான் ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தன் முறை வந்ததும் அவள் தொடங்கினாள்: “ஏத்தத்துல நிக்கிறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வருதா? வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுறதுக்குள்ள கால் ரெண்டும் கழண்டு விழுந்தாப்புல இருக்கா? அது வயசுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கோம். எனக்கும் இருக்கு, எனக்கு என்ன வயசாச்சு?” இதுதான் தொடக்கம். வணக்கம் கிடையாது, தாய்மையின் பெருமை கிடையாது. இரத்தத்தில் இரும்பு என்ன வேலை செய்கிறது என்பதற்கு இரண்டே வசனம். பிறகு மாத்திரை, தண்ணீர், ஒரு மணித்தியாலம்.

“அப்ப தேத்தண்ணி குடிக்காம மலைக்குப் போவச் சொல்றியா, புள்ள?” என்று ஒரு பாட்டி கேட்டார். நாங்கள் எதிர்பார்த்த கேள்விதான்.

“குடிங்க ஆத்தா. மாத்திரைய ராவைக்குப் போட்டுட்டுப் படுத்துருங்க. தேத்தண்ணி காலைல குடிங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கக்கூடாது.”

சிரிப்பு எழுந்தது. கடைசியாக ஒன்றையும் சேர்த்தாள்: கடையில் மாத்திரை வாங்கிக் குடிக்காதீர்கள், கிளினிக்கில் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். இரத்தசோகை எல்லாம் இரும்புக் குறைவால் வருவதல்ல. தலசீமியாவால் வரும், வேறு நோயாலும் வரும். பேச்சின் வேகத்தைக் குறைக்கிற வசனம்தான் இது, மேடைப் பேச்சாக இருந்தால் எவரும் வெட்டியிருப்பார்கள். ஆனால் அதை விட்டுவிட்டுப் பேசினால் ஆராய்ச்சி செய்து பேசினோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இனி ஒபீஸ். மாத்திரையும் தண்ணீரும் மட்டும் போதாது. கிளினிக் நாளில் போனால் அன்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அதை மாற்ற முகாமையாளரிடம்தான் பேச வேண்டும். அங்கே எதைக் கொண்டுபோவது? அதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. அதுவும் எங்கள் நாட்டிலேயே, தேயிலைத் தோட்டத்திலேயே, கொழுந்து பறிக்கிற பெண்களிடமே நடந்த ஆய்வு. எட்கர்டன் என்பவரின் குழு, இலங்கை மருத்துவர் சேனவிரத்னவும் சேர்ந்தது, 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரை, மறுபகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு மாதத்துக்குப் பிறகு, இரும்பு குடித்து இரத்தம் ஏறிய பெண்கள் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்து கூடியிருந்தது. மிகக் குறைந்த இரத்தத்தோடு தொடங்கியவர்களிடம்தான் கூடுதலான முன்னேற்றம். அதே ஆய்வில் இன்னொரு பாதி உண்டு. அந்தப் பெண்கள் தங்கள் அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்பதையும் தொடர்ச்சியாக அளந்தார்கள். மூன்று வாரத்தில் அதுவும் கூடியிருந்தது.

ஒரே ஆய்வு, இரண்டு முகம். ஒன்றில் கிலோ. மற்றதில் பொழுதுபட்ட பிறகு ஒரு பெண்ணுக்கு மிஞ்சுகிற தெம்பு. முகாமையாளருக்கு முதல் பாதி காதில் விழும் என்பது வெளிப்படை. கொழும்பிலிருந்து இலக்கு வருகிறது, மாத முடிவில் கணக்குக் கொடுக்க வேண்டும். அவரும் ஒரு சம்பளக்காரர்தான்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. “நம்மள மெசின்னு சொல்லிக் குடுக்கிற மாதிரி இருக்கு டீச்சர். எண்ணெய் ஊத்துனா கூட ஓடும்னு” என்றாள். பிறகு இன்னும் சரியான பயத்தைச் சொன்னாள்: “மாத்திர குடுத்தோம்ல, இப்ப ரெண்டு கிலோ கூடப் பறின்னு சொன்னா?”

கேட்பவருக்கு ஏற்பப் பேசு என்று சொல்லிக்கொடுக்கிற எவரும் இந்த இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நழுவிவிடுகிறோம். ஒருவருக்கு இலாபத்தைச் சொல், ஒருவருக்குப் பாசத்தைச் சொல், ஒருவருக்குப் புண்ணியத்தைச் சொல், காரியம் ஆனால் சரி என்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. மடுவத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒபீஸ் யன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பேச வேண்டும். அவர்கள் கேட்டால் கூசுகிற வரி எதுவோ அதை உள்ளேயும் சொல்லக்கூடாது. அழுத்தம் மாறலாம், ஒழுங்கு மாறலாம், மொழி மாறலாம். விசயம் மாறக்கூடாது.

அப்படிப் பார்த்தபோது அவளுடைய பயத்துக்கு மருந்து அந்த ஆய்விலேயே இருந்தது. எல்லோருக்கும் கிலோ கூடும் என்று ஆய்வு சொல்லவில்லை. இரத்தம் மிகக் குறைந்தவர்கள் இழந்திருந்த பலத்தைத் திரும்பப் பெற்றார்கள் என்பதுதான் அது காட்டியது. அதை அப்படியே, ஒரு சொல்லும் ஊதாமல் சொன்னால், நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோவை உயர்த்த அதில் பிடி கிடைக்காது. மிகைப்படுத்தியிருந்தால் கிடைத்திருக்கும். ஆய்வு நாற்பது வருடத்துக்கு மேல் பழையது என்பதையும் அவளே சொல்லிவிட வேண்டும் என்றேன். முகாமையாளர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது நல்லது. இரண்டாம் பாதியையும், அதாவது வீட்டு நேரத்துத் தெம்பையும், ஒரு வசனத்தில் சேர்த்தாள். கேட்டது இரண்டு: கிளினிக் நாளில் அரை நாள் போய்வருகிறவளுக்கு முழுப்பேர், பிள்ளைமடுவத்தில் மாதுக்கு ஒரு மேசை. சிங்களத்தில் பேசினாள். தாளைப் பார்க்கவில்லை. மேசை அன்றைக்கே கிடைத்தது. முழுப்பேரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்.

மேடை வேறு, அறை வேறு என்பதை எங்கள் சனம் பணமாகவே பார்த்திருக்கிறது. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அன்றைய ஜனாதிபதி அறிவித்தார். பட்டாசு வெடித்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை வந்தது, செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்து நின்றது 1,350. சம்பள நிர்ணய சபையில் மேளம் இல்லை, மாலை இல்லை. உற்பத்திச் செலவுக் கணக்கோடு ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். அந்த மேசைக்கு எதிரே உட்காரத் தெரிந்த பேச்சாளர்களை எந்தப் போட்டியில் உருவாக்கினோம்?

முன்பு இருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யரைப் பற்றி சாரல்நாடன் எழுதியதை இளையவர்கள் படிக்க வேண்டும். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலத்தில், புடவை வியாபாரி வேடம் போட்டுக்கொண்டு லயத்துக்குள் போனார் அந்த மனிதர். துணிமூட்டையை அவிழ்த்துவைத்துக் கடனையும் சம்பளத்தையும் கங்காணிக் கணக்கையும் காதால் கேட்டு எடுத்தார். அதற்குப் பெயர் கள ஆய்வு. எடுத்ததை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கொட்டவில்லை. பத்திரிகையில் தமிழில் எழுதினார். 1925இல் சட்ட நிரூபண சபைக்குப் போன பிறகு ஆங்கிலத்தில், சட்டத்தின் மொழியில் வாதாடினார். எழுத்து வாசிக்காத சனத்துக்கு அவருடைய மனைவி மீனாட்சியம்மை அதே விசயத்தைப் பாட்டாக்கிப் பாடினார். கூட்டத்துக்கு முன்னால் அவர் பாடுவார், பிறகு இவர் பேசுவார். எனக்குத் தெரிந்து மலையகத்தில் அவையறிதலை அவர்கள் இரண்டுபேரையும்விட நன்றாகக் கற்றவர்கள் கிடையாது. எங்கள் போட்டிகளில் ஒரு பிள்ளையாவது மீனாட்சியம்மையின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பாரதியின் பெயர் மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை.

இனி, எடுத்து வைக்கச் சொன்ன எண்ணின் அறை. மாத்தளை மாவட்டத்தில் ஐந்து பேரில் நான்கு பேர் சிங்களவர். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற இரண்டு நிரலையும் கூட்டினாலும் பத்தில் ஒருவர் அளவுதான் நாங்கள். மாவட்டச் செயலகத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தோட்டம் என்பது பஸ் யன்னலில் தெரிகிற பச்சை. அங்கேதான் 17.3 என்பதும் 31.7 என்பதும் வேலை செய்யும். அதிகாரிக்கு எண் தேவை, எண்ணுக்கு அரசாங்க முத்திரை தேவை. ஆனால் அங்கேயும் கேட்பவரின் மனதில் என்ன ஓடும் என்று யோசிக்காமல் போகக்கூடாது. “வில்கமுவையிலும் லக்கலையிலும் எங்கள் சனம் மட்டும் வயிறாரச் சாப்பிடுகிறதா?” என்று ஓடும். அதுவும் நியாயமான கேள்வி. அதை மறுத்துக்கொண்டு பேசினால் கதவு மூடிவிடும். கிராமத்து ஏழைத் தாயையும் சேர்த்துக்கொண்டு தொடங்கி, பிறகு தோட்டத்துக்கு ஏன் கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று காட்டினால் கேட்பார்கள். தோட்டப்புறம் என்பது ஆய்வில் வசிப்பிடத்தைக் குறிக்கிறது, இனத்தை அல்ல. அதைச் சொன்னாலே பாதி முறுக்குத் தளரும்.

எண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாத்தளையில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விடமுடியாது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய சனம் காட்டுப்பாதையாலே தம்புள்ளை, நாலந்த வழியாக நடந்து வந்து சேர்ந்தது இந்த ஊருக்குத்தான். வழியில் காய்ச்சலும் வாந்திபேதியும் பட்டினியும் தின்றது போக மிஞ்சியவர்கள் வந்தார்கள். எங்கள் மேடைகளில் ஏறுகிற ஒவ்வொருவரும் “எழுபதாயிரம் பேர் செத்த பாதை” என்று முழங்குவார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது? 1849இல் கொழும்பு ஒப்சர்வர் பத்திரிகை எழுப்பிய கணக்கு அது. வந்தவர் தொகையிலிருந்து திரும்பிப்போனவர் தொகையைக் கழித்துப்பார்த்த கணக்கு. திரும்பிப்போனவர்கள் ஒழுங்காகப் பதியப்படவில்லை என்பதால் ஆய்வாளர்கள் அதை ஏற்பதா இல்லையா என்று இன்றும் வாதாடுகிறார்கள். டொனவன் மோல்ட்றிச் 1989இல் அந்தக் கோப்பித் தொழிலாளர் கதையை ஒரு புத்தகமாகவே எழுதினார்.

எண் சர்ச்சைக்குரியது என்பதால் சாவு பொய்யாகிவிடுமா? ஆகாது. ஆனால் சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் எழுபதாயிரம் என்று தொடங்கினால், அவர் அந்த எண்ணை உடைத்துவிட்டு முழுக் கதையையும் தூக்கிப்போட்டுவிடுவார். “அன்றைய வெள்ளைக்காரப் பத்திரிகையே வெட்கப்பட்டுக் கணக்குக் கேட்ட சாவு” என்று தொடங்கிப் பாருங்கள். அதை யாரும் உடைக்க முடியாது. நான் சொன்னால் எங்கள் ஆட்களே முகம் சுளிக்கிறார்கள், எண்ணைக் குறைத்தால் துக்கத்தைக் குறைப்பது போல. துக்க வீட்டில் பேசுவது வேறு.

2023இல் அதே பாதையில் “மாண்புமிகு மலையக மக்கள்” நடைபவனி வந்தது. ஜூலை 28 தலைமன்னாரில் புறப்பட்டு, மதவாச்சி, மிகிந்தலை, திரப்பனை, தம்புள்ளை, நாவுல என்று நடந்து, ஓகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்தது. பதினொரு கோரிக்கைகள். நான் கடைசி நாளில்தான் சேர்ந்துகொண்டேன், அதற்கு மேல் முழங்கால் இடம்தரவில்லை. எனக்குப் பிடித்தது கடைசிநாள் கூட்டம் அல்ல. அங்கே பேசியவர்களும் நாங்கள், கேட்டவர்களும் நாங்கள். எனக்குப் பிடித்தது அந்த நடை அநுராதபுர மாவட்டத்துச் சிங்கள ஊர்களுக்குள்ளால் வந்ததுதான். மலையகத் தமிழர் யார், ஏன் நடக்கிறார்கள் என்று கேட்கிற சனத்துக்கு நடுவே, அவர்களுக்கு விளங்குகிற மொழியில், வீதியோரத்தில் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். தங்களுக்குத் தாங்களே பேசாமல், தெரியாதவரிடம் போய்ப் பேசிய மலையகப் பேச்சு எனக்குத் தெரிந்து வெகு குறைவு.

போட்டிகளை ஒழித்துவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒபீசில் அந்தப் பெண்ணின் குரல் நடுங்காமல் நின்றதற்குக் காரணம் அவள் மாகாணமட்டம் வரை கத்திப் பழகியதுதான். அது வீண்போகவில்லை. லயத்துப் பிள்ளைக்கு மேடை என்பது முதுகை நிமிர்த்துகிற இடம். சோமு, வடிவேலன், கார்த்திகேசு, மலரன்பன் என்று மாத்தளையை முன்னால் போட்டுக்கொண்டு எழுதிய பரம்பரையின் ஊர் இது. சொல்வளம் தேவையில்லை என்று சொல்ல நான் யார்?

கேட்பது சின்ன மாற்றம். தலைப்போடு கேட்பவரையும் எழுதுங்கள். “போசாக்கு” என்று மட்டும் போடாமல், “தோட்டத்துக் கோயில் தலைவரிடம், திருவிழா அன்னதானத்தில் ஒரு நாள் கடலையும் கீரையும் சேர்க்கக் கேட்டல்” என்று போடுங்கள். பிள்ளை தான் சொல்கிற ஒவ்வொரு விவரமும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்ல வேண்டும். ஆள், இடம், தாள், எதுவானாலும் சரி. நடுவர் மூவரில் ஒருவர் ஆசிரியராக இருக்கக்கூடாது. குடும்பநல மாது, பிரதேச சபை உறுப்பினர், மிளகுக் கடை முதலாளி என்று யாராவது இருக்கட்டும். பேச்சு முடிந்ததும் அவர் இரண்டு கேள்வி கேட்கட்டும். அதற்கும் புள்ளி. இப்படிப் பழக்கினால் தேசியமட்டத்தில் எங்கள் பிள்ளை தோற்றுப்போகும் என்று ஒரு ஆசிரியை என்னிடம் சொன்னார். ஓரிரு வருடம் தோற்கும்தான்.

வலயத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சம்மதித்தால் கொடுக்க ஒரு தலைப்பும் தயார்: ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் முதல் பாடத்துக்கு வந்து சேரும்படி காலை பஸ்ஸை இருபது நிமிடம் முந்திவிடச் சொல்லி டிப்போ அதிகாரியிடம் பேசுதல். நான்கு நிமிடம். சிங்களத்தில் பேசினால் மேலதிகப் புள்ளி. ஓட்டுநரிடமும் நடத்துனரிடமும் முதலே விசாரித்திருக்க வேண்டும்.